போரைப் பற்றிப் படிக்கப் போறீங்களா? முதல்ல ஒரு கேள்வி!



நம்ம வரலாற்றுப் பாடத்தில் ஒரு போர் என்றால் காரணங்கள், போக்கு, விளைவுகள் என்று மூன்று தலைப்புதான். பரீட்சைக்கு அது போதும். "அங்கே இருந்த ஜனங்க என்ன ஆனாங்க?" என்று கேட்பவர்களுக்குப் போதாது. அவர்களுக்காகச் சில நூல்கள் இதோ. எதைத் திறந்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதை எழுதியவர் எந்தப் பக்கம் நின்று எழுதினார்?

1. கலிங்கத்துப்பரணி
முதலாம் குலோத்துங்க சோழனின் படைத்தலைவர் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைச் செயங்கொண்டார் பாடியது. போர்க்களத்தில் பேய்கள் கூழ் சமைக்கும் பகுதியை உரையோடு படித்தால் சிரிப்பும் வரும், பயமும் வரும். ஆனா இது ஜெயிச்சவங்க பாட்டு. தோற்ற ஊரின் அழுகை இதில் கேட்காது.

2. அசோகர் கல்வெட்டுகள்
அதே கலிங்கம். ஆனால் 1,300 ஆண்டுகளுக்கும் முந்தைய போர். இறந்தவர்கள் 1,00,000 பேர், பிடித்துச் செல்லப்பட்டவர்கள் 1,50,000 பேர் என்று 13-ஆம் பாறைக் கல்வெட்டில் அசோகரே சொல்லி வருந்துகிறார். இங்கே ஒரு ஆச்சரியம்! கலிங்கத்திலேயே உள்ள தௌலி, ஜௌகடா பாறைகளில் இந்தப் பகுதி இல்லை. அடிபட்ட மக்களிடம் அதை ஏன் சொல்லவில்லை? யோசிங்க! ரொமிலா தாப்பர் அசோகரைப் பற்றி 1961-இல் ஆங்கிலத்தில் எழுதிய நூலில் கல்வெட்டுகளின் மொழிபெயர்ப்பு இருக்கிறது. ஆசிரியர் துணையோடு படிக்கலாம்.

3. ஆன் ஃபிராங்க் நாட்குறிப்பு
நம்ம வயசுப் பெண் எழுதியது. யூதர் என்பதற்காக ஹிட்லர் ஆட்சிக்குப் பயந்து, 1942 முதல் 1944 வரை ஆம்ஸ்டர்டாமில் குடும்பத்தோடு ஒளிந்திருந்தாள். அம்மாவோடு சண்டை, சாப்பாட்டுக் கஷ்டம், படிப்பு எல்லாம் இதில் உண்டு. 1945-இல் முகாமில் இறந்தாள். அப்பா மட்டும் உயிர்தப்பி 1947-இல் இதை வெளியிட்டார். படைத்தலைவர்கள் எழுதிய நூல்களில் இந்தக் குரல் கிடைக்காது.

4. சமயம் பற்றி
மணிமேகலை வஞ்சி மாநகரில் பல சமயத்தாரிடமும் போய் அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்கிறாள். நல்ல வழி! ஆனாலும் நூல் பௌத்தத்தைப் போற்றுவது என்பதை நினைவில் வையுங்கள். பௌத்தக் காப்பியமான குண்டலகேசி முழுசாகக் கிடைக்கவில்லை. அதை மறுத்து எழுந்த சமண நூல் நீலகேசி கிடைத்திருக்கிறது. எதிராளி சொன்னதை மட்டும் வைத்து ஒருவரை எடை போட முடியுமா? மயிலை சீனி. வேங்கடசாமியின் 'கிறிஸ்தவமும் தமிழும்' (1936), 'பௌத்தமும் தமிழும்' (1940), 'சமணமும் தமிழும்' (1954) மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். நம் மொழியை எத்தனை பேர் வளர்த்தார்கள் என்பது புரியும்.

செய்து பாருங்கள்
நோட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் 'யார் பேசுகிறார்?', வலப்பக்கம் 'யார் பேசவில்லை?' படிக்கும் ஒவ்வொரு நூலுக்கும் இரண்டையும் நிரப்புங்கள். வலப்பக்கத்தில் இருப்பவர்தான் அடுத்து நீங்கள் தேட வேண்டிய புத்தகம்.

"எங்க ஆளுங்கதான் வீரர்கள், அவங்க மதம்தான் கெட்டது" என்று யாராவது சொன்னால், சண்டை வேண்டாம். "எந்தப் புத்தகத்தில் படிச்சே? இன்னொண்ணும் படிச்சியா?" என்று மட்டும் கேளுங்கள்.


— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு