மார்க் தந்த பாடம்

எஸ்.பி.எம். தேர்வில் நன்னெறிக் கல்வி எழுதியபோது மோரல், எத்திக்ஸ், இன்டெக்ரிட்டி மூன்றும் எனக்கு ஒன்றுதான். பொறியியல் படிக்க வந்து, ஒரு தப்பும் செய்த பிறகுதான் வித்தியாசம் புரிந்தது.

‘எத்திக்ஸ்’ கிரேக்க வேரிலிருந்து வந்த சொல். அதற்கு இணையாக ரோமானிய அறிஞர் சிசரோ லத்தீனில் உருவாக்கிய சொல்லிலிருந்து வந்தது ‘மோரல்’. இரண்டின் வேரும் ‘பழக்கவழக்கம்’ என்ற பொருள் உடையது. இன்று பெரும்பாலும், எது சரி, எது தவறு என்று நாம் மனசில் நம்புவதை மோரல் என்கிறோம். ஒரு தொழிலுக்குரிய நெறியை எத்திக்ஸ் என்கிறோம். அந்த நெறியை விதிகளாக எழுதி வைத்தால் ‘கோட் ஆஃப் கண்டக்ட்’, அதாவது நடத்தை விதிகள்.

சென்ற செமஸ்டரில் எங்கள் ஆய்வக அளவீடு கணக்கோடு ஒத்து வரவில்லை. “எல்லாரும் மாத்துறதுதானே, நீயும் மாத்து லா” என்றான் நண்பன். மாற்றினேன். நல்ல மார்க் கிடைத்தது. ஆனால் மனசு உறுத்தியது. எல்லாரும் செய்வதும் பழக்கம்தானே, அது எப்படி நெறியாகும்?

‘இன்டெக்ரிட்டி’க்கு வேர், ‘முழுமையானது’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல். கணக்கில் முழு எண்ணை இன்டிஜர் என்கிறோமே, அதே வேர்தான். பாலம் பழுதில்லாமல் உறுதியாக இருப்பதை ‘ஸ்ட்ரக்சரல் இன்டெக்ரிட்டி’ என்போம். உள்ளே விரிசலை வைத்துக்கொண்டு மேலே சாயம் அடித்து என்ன பயன்? மனுசனுக்கும் அதேதான்.

மறுவாரம் விரிவுரையாளரிடம் உண்மையைச் சொன்னேன். மார்க் குறைந்தது.

நம் தமிழில் ‘ஒழுக்கம்’ என்ற சொல் ‘ஒழுகு’ என்பதிலிருந்து பிறந்தது. ஒழுகுதல் என்றால் நடத்தல். பொருள் தெரிந்தால் மட்டும் போதாது நண்பர்களே, நடந்து காட்டணும்.