நாவின் குறையா? நாசியின் குறையா?

அழுதழுது பார்வை இழந்த முதுமையில், மகன் யூசுஃபின் சட்டையோடு பயணக்கூட்டம் புறப்பட்ட அளவிலேயே மகனின் வாசனையைத் தாம் உணர்வதாக நபி யஃகூப் (அலை) உரைத்ததைத் திருக்குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் கூறுகின்றது. அருகிருந்தோர் அதனை நம்பவில்லை. பழைய தடுமாற்றம் என்றே கருதினர். வாசனையை உணர்ந்தவரையே நம்பாத உலகம், வாசனையை இழந்தவரை எங்ஙனம் நம்பும்? கண்ணிழந்தாரைக் கைப்பிடித்து வழிநடத்தும் நாம், மணமறியாதாரை ‘அதனாலென்ன?’ என்று கேட்டுக் கடந்துவிடுகின்றோம்.

‘வாய்க்கு ருசியே இல்லை’ என்பது வீடுதோறும் கேட்கும் முறையீடு. ஆயினும் அவ்வாறு கூறுவோருள் பலர்க்கும் பழுதுபட்டது நாவன்று, மூக்கேயாகும். இதனை நாமே சோதித்தறியலாம். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஏலரிசி சிலவற்றை மெல்லுக. வாயில் ஏதோ கடிபடுவது தவிரப் பெரிதாய் ஒன்றும் தோன்றாது. பிடியைத் தளர்த்தியதும் ஏலம் ஏலமாகும். மெல்லும்போது எழும் மணம் தொண்டையின் பின்வழியே நாசிக்கு ஏறுவதே காரணம். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு ஆகியவற்றோடு, 1908இல் ஜப்பானிய அறிஞர் இக்கேதா கண்டுரைத்த ‘உமாமி’யையுமே நாக்கு சுவையாக அறியும். நம் முன்னோர் அறுசுவையுள் வைத்த கார்ப்பு, எரிச்சலை உணர்த்தும் நரம்பின்வழி வருவது. ஆதலால் மணம் இழந்தவரும் மிளகாயின் உறைப்பை உணர்வார். பிரியாணியைப் பிரியாணியென்று உணரார்.

காரணம் தேடுவதுதான் கடினம். சளியும் மூக்கினுள் வளரும் சதையும் காற்றின் வழியை அடைக்கலாம். தலை அடிபட்டால், சல்லடை போன்ற மெல்லெலும்பின் துளைகள்வழி மூளைக்குச் செல்லும் நுண்ணரம்புகள் அறுபடலாம். 2020இல் உலகை உலுக்கிய கொரோனாக் கிருமி, மணநரம்புகளைவிட அவற்றைத் தாங்கி நிற்கும் உயிரணுக்களையே பெரிதும் தாக்கியதென ஆய்வாளர் கண்டனர். கேப்டோப்ரில் என்னும் இரத்த அழுத்த மருந்தும், மெட்ரோனிடசோல் போன்ற கிருமிக்கொல்லியும் நாவின் சுவையை மாற்றக்கூடும். அதற்காக மருத்துவரைக் கேளாது மருந்தை நிறுத்துதல் தவறு. துத்தநாகக் குறைவு, கழுத்துப் பகுதியில் பெற்ற கதிர்வீச்சு ஆகியனவும் கருதத்தக்கவை. கைநடுக்கம் தோன்றுவதற்குப் பல்லாண்டு முன்பே பார்க்கின்சன் நோய் மோப்பத்தைக் குறைப்பதுண்டு. எனவே, ‘வயதாயிற்று’ என்னும் ஒரு சொல்லால் முதியோரின் முறையீட்டை முடித்துவிடலாகாது. எப்போது தொடங்கியது, திடீரெனவா படிப்படியாகவா, அதற்குமுன் காய்ச்சலோ விழுதலோ புதுமருந்தோ உண்டா என்று குறித்துக்கொண்டு காது மூக்குத் தொண்டை மருத்துவரை நாடுதல் வேண்டும்.

‘நாற்றம்’ என்னும் சொல் பண்டைத் தமிழில் நறுமணத்தையும் குறித்தது. இன்று தீயமணத்தையே குறிக்கின்றது. சொல்லுக்கு நேர்ந்த இம்மாற்றம் மூக்குக்கும் நேர்வதுண்டு. மருத்துவர் இதனைப் பரோஸ்மியா என்பர். காப்பியும் வதக்கிய வெங்காயமும் அழுகல் வாடையாய் வீச, நோன்பு திறக்கும் நேரத்தில் கஞ்சிக் கோப்பையை ஒதுக்கிவைப்பவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். சமைத்தவர் மனம் வருந்துவார். ஒதுக்கியவரோ தம் குறையை விளக்கச் சொல்லின்றித் தவிப்பார். தொற்றுக்குப்பின் வரும் இத்திரிபு, நரம்பு மீண்டும் தளிர்ப்பதன் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பது அவர்க்குச் சற்று ஆறுதல். சூடு ஆறிய உணவில் ஆவி குறைவாதலின் அது எளிதில் உட்செல்லும்.

அச்சமும் உண்டு. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணமில்லை. கசிவை அறிவிக்கவே எத்தில் மெர்காப்டன் என்னும் தீமணப்பொருளைக் கலக்கின்றனர். அது மூக்கறியாதார்க்கு உதவாது. எனவே கசிவறிந்து ஒலிக்கும் கருவியை வைத்தலும், பழைய கறியைப் பிறர் முகர்ந்து பார்த்தபின் உண்ணுதலும், உப்பை நாவை நம்பாது அளந்து இடுதலும் அவர்க்கு வேண்டுவன.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் குழுவினர் 2009இல் ஒரு பயிற்சியை வெளியிட்டனர். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கு மணங்களையும் காலையும் மாலையுமாக 12 வாரம் கருத்தூன்றி முகர்வதே அது. பன்னீரும் கிராம்பும் நீலகிரித் தைலமும் நம் இல்லங்களில் உள்ளனவே. தலையில் அடிபட்டோரைவிடத் தொற்றால் இழந்தோர்க்கே இது மிகுதியும் பயன்பட்டுள்ளது. முதல் வாரங்களில் ஒன்றும் தோன்றாதெனினும், ரோஜாவை முகரும்போது ரோஜாவையே நினைவில் நிறுத்தி முகர்தல் வேண்டும் என்பர்.