ஆங்கிலேயர் வேறு, ஸ்காட்லாந்தியர் வேறு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

சென்ற பருவத்தில் எங்கள் துறைக் கருத்தரங்கில் மின்காந்த அலைகள் பற்றிப் பேச எழுந்தேன். "ஆங்கில விஞ்ஞானி மாக்ஸ்வெல்" என்று தொடங்கியதுமே முன்வரிசையில் இருந்த பேராசிரியர் கையை உயர்த்தினார். "தம்பி, மாக்ஸ்வெல் 1831இல் எடின்பரோவில் பிறந்தவர். அந்த ஊரில் போய் இப்படிச் சொன்னால் உன்னைச் சும்மா விடமாட்டார்கள்" என்றார். அவையில் எழுந்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் பாட்டிக்கு எல்லாரும் வெள்ளைக்காரர்தாம். எனக்கும் அதற்குமேல் தெரிந்திருக்கவில்லை. அப்பேராசிரியர் எடின்பரோவில் ஈராண்டு ஆய்வு செய்தவர். அன்று மாலை அவரிடம் கேட்டறிந்ததும் பின்னர் நூலகத்தில் படித்ததும் சேர்ந்ததே இக்கட்டுரை.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1603இல் இரு நாடுகளுக்கும் ஒரே மன்னர் வாய்த்தார். 1707இல் இரு பாராளுமன்றங்களும் ஒன்றாயின. ஆனால் ஸ்காட்லாந்து தன் சட்டத்தையும் திருச்சபையையும் கல்வி முறையையும் விட்டுக்கொடுக்கவில்லை. 1999இல் எடின்பரோவில் மீண்டும் ஒரு பாராளுமன்றம் கூடியது. 2014இல் தனி நாடாகலாமா என்று வாக்கெடுத்தபோது நூற்றுக்கு 55 பேர் வேண்டாம் என்றனர். நாம் 'ஆங்கிலேயர் ஆட்சி' என்று எழுதுகிறோமே, அதிலும் ஸ்காட்லாந்தியர் பலர் இருந்தனர். சென்னையில் குதிரைமேல் சிலையாக அமர்ந்திருக்கும் சர் தாமஸ் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்தவர். எழும்பூர் புனித ஆண்ட்ரூஸ் தேவாலயமும் ஸ்காட்லாந்துத் திருச்சபையினருக்காக எழுந்ததே.

இனி அன்றாட வாழ்க்கைக்கு வருவோம். கிறிஸ்துமஸ் பண்டிகை ஸ்காட்லாந்தில் 1958 வரை பொது விடுமுறையாக இல்லை என்று படித்தபோது நான் நம்பவில்லை. அந்நாட்டுத் திருச்சபையினர் நெடுங்காலம் அப்பண்டிகையை ஒதுக்கியே வைத்திருந்தனர். அங்கே பெரிய கொண்டாட்டம் 'ஹாக்மனே' எனப்படும் ஆண்டிறுதி நாள்தான். நள்ளிரவுக்குப் பின் வீட்டில் முதலில் அடியெடுத்து வைப்பவர் கறுத்த தலைமுடியுடைய ஆணாக இருந்தால் அவ்வாண்டு நல்லது. அவர் கையில் ஒரு கரித்துண்டு இருக்க வேண்டும். (சகுனம் பார்ப்பது நம்மவர் மட்டும்தான் என்பார் கவனிக்க!) இங்கிலாந்தின் வடபகுதியிலும் இவ்வழக்கம் உண்டு. ஆனால் ஜனவரி 2ஆம் நாளும் விடுமுறை என்பது ஸ்காட்லாந்துக்கு மட்டுமே உரியது.

ஆங்கிலேயர் தனி வாசலும் சிறு தோட்டமும் கொண்ட வீட்டையே பெரிதும் விரும்புவர். கிளாஸ்கோ, எடின்பரோ நகரங்களிலோ ஒரே கல் மாடிப்படியைச் சுற்றிப் பல குடும்பங்கள் வாழும் அடுக்குக் கட்டடங்கள் மிகுதி. படியைக் கழுவுவது முறைவைத்து நடக்கும். இந்த வாரம் யார் முறையோ அவர் கதவில் ஓர் அட்டை தொங்கும். எங்கள் தெருக் குழாயடியில் அப்படி ஓர் அட்டை இருந்திருந்தால் எத்தனையோ சண்டைகள் மிச்சமாகியிருக்கும்.

பேச்சிலும் வேறுபாடு உண்டு. "எங்கே தங்குகிறீர்கள்?" என்று ஸ்காட்லாந்தியர் கேட்டால், உங்கள் வீடு எங்கே என்று பொருள். ஆங்கிலேயர் அதைக் கேட்டு விடுதியின் பெயரைச் சொல்லிவிடக்கூடும். ஸ்காட்லாந்தில் மூன்று வங்கிகள் தத்தம் பெயரில் பவுன் நோட்டு அச்சிடுகின்றன. அந்நோட்டை இங்கிலாந்துக் கடைக்காரர் சிலர் திருப்பித் திருப்பிப் பார்ப்பதும், வாங்க மறுப்பதும் உண்டு. தன் நாட்டு நோட்டே செல்லாக் காசுபோல் பார்க்கப்படும்போது எவருக்குத்தான் கோபம் வராது?

கில்ட் என்னும் உடையைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். இன்று அதைத் திருமணம், விழா போன்றவற்றுக்கே பெரும்பாலும் உடுத்துகின்றனர். அதைவிட அவர்களுடைய கஞ்சிதான் என் மனத்தைத் தொட்டது. ஆங்கிலேயர் ஓட்ஸ் கஞ்சியில் சர்க்கரை சேர்ப்பர்; பழைய ஸ்காட்லாந்து வழக்கப்படி அதில் உப்புத்தான். முற்காலத்தில் ஏழை மாணவர் ஊரிலிருந்து ஒரு மூட்டை ஓட்ஸ் மாவுடன் பல்கலைக்கழகம் வந்து, அதைக் காய்ச்சிக் குடித்தே படித்தனராம். மாவு தீர்ந்ததும் வீட்டுக்குப் போய் எடுத்துவர 'மாவுத் திங்கள்' என்றே ஒரு விடுமுறை இருந்தது.

கல்வியில் இன்றும் இரு நாடுகளும் ஒன்றல்ல. இங்கிலாந்தில் சிறப்புப் பட்டம் மூன்றாண்டு, ஸ்காட்லாந்தில் நான்காண்டு. இங்கிலாந்தில் 2012 முதல் ஆண்டுக்கு 9,000 பவுன் வரை கட்டணம் வந்தது. பின்னர் அதுவும் உயர்ந்தது. கடன் வாங்கிப் படித்து, சம்பாதிக்கத் தொடங்கியபின் கட்டுகிறார்கள். ஸ்காட்லாந்து மாணவர் தம் நாட்டிலேயே முதற்பட்டம் படித்தால் கட்டணத்தை அரசு ஏற்கிறது. அதே வகுப்பில் அருகில் அமரும் இங்கிலாந்து மாணவர் கட்டியாக வேண்டும். முதல் பட்டதாரிகளாகிய நமக்கு இது கில்ட்டைவிடப் பெரிய வேறுபாடு அல்லவா?

நாங்கள் நால்வர் அறை எடுத்துச் சமைத்துச் சாப்பிடுகிறோம். அரிசி தீர்ந்தால் நான் ஊருக்குப் போய்வர வேண்டும். 'மாவுத் திங்கள்' செய்தியைப் பேராசிரியரிடம் சொல்லி, சென்ற திங்கட்கிழமை வராததற்குக் காரணமும் சொன்னேன். சிரித்துவிட்டு, வருகைப் பதிவேட்டைக் கீழே வைத்தார்.