நகரும் பனிக்கு வரைபடம்

கேள்வி: அண்டார்க்டிகாவில் கடல்மேல் மிதக்கும் பனித்தட்டுகளை எப்படி அளந்தார்கள்?

பதில்: முதலில் கப்பலில் இருந்தபடி, அதுவும் ஓரத்தை மட்டும். 1841 ஜனவரியில் எரெபஸ், டெரர் என்ற இரு கப்பல்களோடு தென் காந்தத் துருவத்தைத் தேடிப் போன ஜேம்ஸ் கிளார்க் ராஸை, சுமார் 50 மீட்டர் உயரப் பனிச்சுவர் மறித்தது. ஏற வழியில்லை. சுவரோரமாகவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டி, விளிம்பைக் குறித்துக்கொண்டு திரும்பினார். 1902-ல் துருவப் பயணி ஸ்காட் அதே தட்டின் மேலிருந்து ஹைட்ரஜன் பலூனில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய வரை வெள்ளை!

ஆனால் அவர் குழுதான் பெரிய விஷயத்தைப் பிடித்தது. பனிமேல் உணவு சேமித்துவைத்த இடம், ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் 500 மீட்டருக்கு மேல் தள்ளிப் போயிருந்தது. தூரத்து மலைகளை நேர்கோட்டில் வைத்து அடையாளம் பார்த்திருந்ததால் தெரிந்தது. தட்டே கடலை நோக்கி நகர்கிறது! சர்வேயர் நட்ட கல் தானே நடந்து போனால் பட்டா என்னாவது?

கனம் அறிய, பிறகு வெடி வைத்து எதிரொலி கேட்டார்கள். 1960-களில் விமானத்திலிருந்து ரேடியோ அலைகளை அனுப்பினார்கள். இப்போது செயற்கைக்கோள்கள் நீருக்கு மேல் துருத்தும் உயரத்தை அளக்கின்றன. மிச்சத்தை ஆர்க்கிமிடீஸின் மிதப்பு விதி பார்த்துக்கொள்கிறது: மேலே தெரிவது சுமார் ஒன்பதில் ஒரு பங்குதான். மேற்பரப்பில் இறுகாத பனி இருப்பதால் அதற்கொரு திருத்தமும் உண்டு. இத்தனைக்குப் பிறகும் வரைபடம் நிலைக்காது. 2002-ல் லார்சன் பி பனித்தட்டில் சுமார் 3,250 சதுர கிலோமீட்டர் சில வாரங்களில் நொறுங்கிப்போனது.