பார வண்டி ஓட்டுநர்

சேலம் மாவட்டத்துச் சங்ககிரியும், அதனை அடுத்துள்ள நாமக்கல் பகுதியும் லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. மழை குறைந்த அந்நிலத்தில் உழவை மட்டும் நம்பி வாழ இயலாத குடும்பங்கள் பல, லாரியை நம்பி வாழத் தலைப்பட்டன. அடிச்சட்டமும் எஞ்சினுமாக வந்து சேரும் வண்டிக்கு நாமக்கல் பட்டறைகளில் கூடு கட்டுகின்றனர். தச்சரும் கொல்லரும் வண்ணம் தீட்டுவோரும் கூடி உழைத்து அதனை முழு வண்டியாக்கி அனுப்புவர். அவ்வண்டிகள் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும், அவற்றிற்கும் அப்பாலுள்ள ஊர்களுக்கும் சரக்கு ஏற்றிச் செல்கின்றன.

பாரம் ஏற்றி நெடுவழி செல்லும் தொழில் தமிழர்க்குப் புதியதன்று. நெய்தல் நிலத்து உப்பை உள்நாட்டுக்குக் கொண்டு சென்ற உமணரைச் சங்கப் பாடல்கள் பலவிடத்தும் பேசுகின்றன. ஔவையார் புறநானூற்றுப் பாட்டு ஒன்றில் உமணரின் வண்டியைக் காட்டுகிறார். பூட்டிய காளைகளோ இளையவை. ஏற்றிய பண்டமோ மிகுதி. வழியோ பள்ளமும் மேடும் நிறைந்தது. எவ்விடத்தில் அச்சு முறியுமோ என்று கருதிய உமணர், வண்டியின் அடியில் வேறோர் அச்சினைக் கட்டிச் சென்றனராம். அதற்குச் சேமவச்சு என்று பெயர். இன்று லாரியின் அடியில் தொங்கும் மாற்றுச் சக்கரத்தை ஓட்டுநர்கள் ‘ஸ்டெப்னி’ என்கின்றனர். பெயர் மாறிற்று, பாரம் சுமப்பவனுக்கு வேண்டிய முன்னெச்சரிக்கை மாறவில்லை.

உமணன் எவரிடமும் உரிமம் பெற வேண்டியதில்லை. அவனுடைய காளைகள் மிரண்டால் கெடுவது பெரும்பாலும் அவனுடைய உப்பே. இன்றைய பார வண்டியின் நிலை வேறு. சரக்குடன் 12,000 கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள சரக்கு வண்டியைக் கனரக வண்டி என்று சட்டம் வகுத்துள்ளது. அத்தகைய வண்டி தடம் புரண்டால், அதற்குச் சற்றும் தொடர்பில்லாத பலர் உயிரிழக்க நேரும். ஆதலின், வண்டியின் உரிமையாளர் வேலை தருவதாகச் சொன்னாலும், அரசின் உரிமம் கைக்கு வரும் வரையில் ஓட்டுநர் இருக்கையில் அமர்தல் ஆகாது.

சங்ககிரிப் பக்கத்து இளைஞன் ஒருவன் இவ்வேலையை விரும்புகிறான் என்று கொள்வோம். அவன் பள்ளிப் படிப்பை முடித்தவுடன் ஒரு லாரியில் கிளீனராகச் சேர்கிறான். தார்ப்பாய் கட்டுதல், கயிறு இறுக்குதல், டயரைத் தட்டிப் பார்த்தல், பின்னோக்கி வரும் வண்டிக்கு நின்று வழி காட்டுதல் ஆகியவை அவன் பணி. மூத்த ஓட்டுநரை அவன் ‘அண்ணா’ என்றழைக்கிறான். அவரும் அவனைத் தம்பியாகவே நடத்துகிறார். முன்னாளில் ஓட்டுநர் பலர் இவ்வாறு பழகியே தொழில் கற்றனர். கண்ணாற் கண்டு கற்கும் அக்கல்வி மிக உயர்ந்தது. ஆயினும் அது மட்டுமே போதாது என்பது சட்டத்தின் துணிபு.

1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பியவன் இலகு ரக வண்டிக்கு உரிமம் பெறலாம். போக்குவரத்து வண்டி ஓட்டுதற்கோ இருபது வயது நிரம்ப வேண்டும். மேலும், இலகு ரக உரிமம் பெற்று ஓராண்டேனும் கழிந்த பின்னரே போக்குவரத்து வண்டிக்குப் பழகுநர் உரிமம் கிடைக்கும். சிறிய சரக்கு வண்டிகளைப் பற்றி நெடுநாள் வழக்கு ஒன்று நடந்தது. பாரத்துடன் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகு ரக உரிமம் உடையவனே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. நம் இளைஞன் விரும்புவது கனரக வண்டியாதலின், அத்தீர்ப்பு அவனுக்கு உதவாது. அவன் காத்திருக்கத்தான் வேண்டும்.

முன்பு போக்குவரத்து வண்டி ஓட்டுநருக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றொரு விதி இருந்தது. கல்வி குறைந்தோரின் பிழைப்பை அது தடுக்கிறது என்று கருதி 2019 இல் அதனை நீக்கினர். அது தக்க செயலே. எனினும் வழிப்பலகையையும் சரக்குச் சீட்டையும் தானே படித்தறியும் ஓட்டுநருக்கும், பிறரைக் கேட்டறியும் ஓட்டுநருக்கும் உள்ள வேறுபாட்டை எவ்விதியாலும் நீக்க முடியாது. எளிதில் தீப்பற்றும் பொருள், நஞ்சு ஆகியவற்றை ஏற்றிச் செல்வோர் இந்திய மொழி ஒன்றிலும் ஆங்கிலத்திலும் எழுதப் படிக்க அறிந்திருக்க வேண்டும் என்ற விதி தனியே உண்டு.

அடுத்து மருத்துவர் சான்று. நல்ல பகலொளியில் இருபத்தைந்து மீட்டர் தொலைவிலுள்ள ஒரு காரின் எண் பலகையைக் கண்ணாற் கண்டறிய முடிகிறதா? சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடிகிறதா? மாலைக்கண் உண்டா? ஒலிப்பானின் ஓசை காதில் விழுகிறதா? இவ்வினாக்களுக்கு மருத்துவர் எழுத்தில் விடை தர வேண்டும். பார்வைக் குறை கண்ணாடியால் தீர்வதாயின் தடையில்லை. அதனை மறைத்துச் சான்று பெறுவோர் தம்மையே முதலில் ஏமாற்றிக் கொள்கின்றனர்.

பயிற்சிப் பள்ளியின் சான்றும் பழகுநர் உரிமமும் பெற்றபின், வெள்ளைப் பலகையில் சிவந்த ‘எல்’ எழுத்தை முன்னும் பின்னும் மாட்டி, உரிமம் உடையவர் ஒருவர் அருகில் அமர்ந்திருக்க, இளைஞன் வண்டி பழகுகிறான். முப்பது நாள் கழிந்த பின்பே தேர்வுக்குச் செல்லலாம். தேர்வு நடத்துபவர் மோட்டார் வாகன ஆய்வாளர். மக்கள் வழக்கில் அவருக்குப் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்று பெயர். வண்டியை ஓடச் செய்யும் எஞ்சினின் பெயரால் அவரை அழைக்காமல், நிற்கச் செய்யும் பிரேக்கின் பெயரால் மக்கள் அழைத்தது வியப்புக்குரியது. அத்தேர்வின் உட்பொருளை அப்பெயரே விளக்கிவிடுகிறது.

1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பதினைந்தாம் விதி, தேர்வில் காண வேண்டியவற்றை வரிசையாகக் கூறுகிறது. நேர்ச் சாலையில் விரைந்து செல்வதைப் பற்றி அதிலே பேச்சில்லை. செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்திப் பின்பு சிறிதும் பின்னோக்கி உருளாமல் எடுக்க வேண்டும். குறுகிய வாயிலுக்குள் பின்னோக்கிச் செலுத்தி நுழைய வேண்டும். இடுக்கண் நேர்ந்தவிடத்து விரைந்து நிறுத்த வேண்டும். சரிவில் இறங்கும்போது காலந்தாழ்த்தாது கீழ் கியருக்கு மாற்ற வேண்டும். ‘ஓட்டுவதற்கு நான்கு நாளில் வந்துவிடும், தம்பி; நிறுத்துவதற்குத்தான் நாளாகும்’ என்று மூத்த ஓட்டுநர்கள் கிளீனர்களிடம் கூறுவது இவ்விதியின் சாரமே ஆகும்.

தேர்வில் தவறியவன் ஏழு நாள் கழித்து மீண்டும் வரலாம். மும்முறை தவறினால் அறுபது நாள் பொறுத்திருக்க வேண்டும். வேலை காத்திருக்கிறது, வீட்டில் கடன் இருக்கிறது, அந்நிலையில் அறுபது நாள் என்பது சிறிது காலமன்று. அத்தகைய வேளையில்தான் தரகர் ஒருவர் எதிர்ப்படுகிறார். ‘வண்டியைத் தொடவே வேண்டாம், பணத்தை வைத்தால் உரிமம் வீடு தேடி வரும்’ என்கிறார். அவர் சொல்லுக்குச் செவி சாய்த்தவன் என்ன இழக்கிறான் என்பது அலுவலகத்தில் தெரிவதில்லை, தொப்பூரில் தெரிகிறது.

தருமபுரியிலிருந்து சேலம் வரும் நெடுஞ்சாலையில் தொப்பூர்க் கணவாய் உள்ளது. அங்கே சாலை மலைச்சரிவில் நெடுந்தொலைவு இறங்குகிறது. வடக்கேயிருந்து சரக்குடன் வரும் லாரிகள் அவ்வழியே இறங்கியாக வேண்டும். அச்சரிவில் நிகழ்ந்த விபத்துகள் எண்ணற்றவை. 2020 டிசம்பரில் சரக்கு லாரி ஒன்று கட்டுப்பாட்டை இழந்து, முன்னே நின்றிருந்த பல வண்டிகள்மீது மோதியதில் உயிர்கள் போயின. அங்கு நேரும் விபத்துகளுக்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று, டீசலை மிச்சப்படுத்த விரும்பிக் கியரை விடுவித்து, ‘நியூட்ரலில்’ இறங்குதல்.

அதனால் விளையும் கேட்டைச் சற்று விரிவாக அறிதல் வேண்டும். ஓடும் வண்டியின் வேகம் இரு மடங்கானால், அதனை நிறுத்தத் தணிக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். சமதரையில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானே தளரும். சரிவிலோ, காலை எடுத்த பின்னும் புவியீர்ப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கீழ் கியரில் இறங்கினால் சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருத்தலால் எஞ்சினே ஒரு தடையாக நின்று வண்டியைப் பிடித்துக் கொள்ளும். நியூட்ரலில் அத்தொடர்பு அறுந்துவிடுகிறது. பாரம் முழுவதையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டியதாகிறது.

கனரக வண்டியின் பிரேக் காற்றால் இயங்குவது. எஞ்சினோடு இணைந்த கம்ப்ரசர் காற்றை அழுத்தித் தொட்டியில் நிரப்பும். மிதியை அழுத்தினால் அக்காற்று சென்று பிரேக் கட்டைகளைச் சக்கரத்தின் டிரம்மோடு அழுத்தும். உராய்வால் வேகம் வெப்பமாக மாறும். ஓட்டுநர் இடைவிடாது மிதித்தால் டிரம் காய்ந்து விரியும்; கட்டைகளின் பற்றும் திறன் குன்றும். எஞ்சினோ நியூட்ரலில் மெல்ல ஓடுதலின், செலவாகும் காற்றுக்கு ஈடாகக் கம்ப்ரசரால் காற்றை நிரப்ப முடிவதில்லை. ‘ஏர் இறங்கிவிட்டது’ என்று ஓட்டுநர்கள் கூறுவது இந்நிலையையே. எரிபொருளை மேலும் மிச்சப்படுத்த எஞ்சினையே நிறுத்திவிடுவாரும் உளர். அவர்களுக்குக் காற்றும் நிரம்பாது. பவர் ஸ்டியரிங்கும் உதவாது. மிச்சமாவது சில லிட்டர் டீசல்.

இங்கு ஓட்டுநரை மட்டும் குறை கூறுதல் நீதியன்று. ஒரு நடைக்கு இத்தனை லிட்டர் என்று அளந்து கொடுத்து, மிகுந்தால் கூலியில் பிடித்துக்கொள்ளும் உரிமையாளர், அவனுடைய கையை நியூட்ரலுக்குத் தள்ளுகிறார். உறக்கத்தைப் பற்றியும் இவ்வாறே கூற வேண்டும். மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர்க்கென 1961 இல் இயற்றப்பட்ட சட்டம், நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்று வரையறுத்தது. சரக்கு இந்நேரத்திற்குள் சேர வேண்டும் என்ற நெருக்கடியில் அவ்வரையறை ஏட்டளவில் நின்ற இடங்கள் பல.

உரிமம் ஆண், பெண் என்று வேறுபாடு பார்ப்பதில்லை, மக்கள்தாம் பார்த்தனர். கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த வசந்தகுமாரி, கனரக உரிமம் பெற்று அரசுப் பேருந்து ஓட்டும் வேலையை நாடியபோது, அப்பணியில் பெண்கள் இல்லாமையே அவர்க்குத் தடையாகச் சொல்லப்பட்டது. அவர் சலிக்காமல் முயன்று, ஆண்களுக்கு வைத்த தேர்வுகளிலேயே தேறி, 1993 இல் தமிழக அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் முதல் பெண் ஓட்டுநராகப் பணியேற்றார். 2017 இல் ஓய்வு பெறும் வரையில் அப்பணியில் இருந்தார்.

தேர் செலுத்துபவனை வலவன் என்பது பழந்தமிழ் வழக்கு. அகநானூற்றுப் பாடல் ஒன்றில், வினை முடித்து மீளும் தலைவன், பூவில் தேனுண்ணும் வண்டுகள் அஞ்சுமே என்று தன் தேர்மணிகளின் நாவைக் கட்டி ஒலியடக்கி வருகிறான். மருத்துவமனை வாயிலிலும் பள்ளி வாயிலிலும் நின்றுகொண்டு ஒலிப்பானை இடைவிடாது அழுத்துவோர்க்கு அத்தலைவனின் கதையை யாரேனும் சொல்லலாம்.

இளைஞன் தேர்வில் தேறுகிறான். உரிமத்தில் கனரகப் போக்குவரத்து வண்டி என்ற குறிப்பும் ஏறுகிறது. அவ்வுரிமம் வாழ்நாள் முழுமைக்கும் உரியதன்று. முன்பு மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2019 இல் செய்த திருத்தத்தால் அக்காலம் ஐந்தாண்டாயிற்று. அபாயகரமான பொருள்களை ஏற்றுவோர்க்கு அது மூன்றாண்டே. ஒவ்வொரு முறையும் மருத்துவர் அவனை நிறுத்தி, சிவப்பையும் பச்சையையும் காட்டிக் கேட்பார்.

முதல் நடையாக அவன் சேலத்திற்குச் சரக்கு ஏற்றி வருகிறான். தொப்பூர்ச் சரிவின் தலைப்பிலேயே கியரைக் குறைக்கிறான். பின்னே வரும் வண்டிகள் பொறுமையிழந்து ஒலியெழுப்பி, அவனைத் தாண்டிச் செல்கின்றன. அவன் இடப்புறமாகவே மெல்ல இறங்குகிறான். அடிவாரத்தில் தேநீர்க் கடை ஓரமாக வண்டியை நிறுத்திக் கீழே குதித்து, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டு சென்று டிரம்மின் சூட்டைப் பார்க்கிறான். பின்பே தேநீர் கேட்கிறான்.