சிசிஎன்ஏ படிப்புக்குக் கடன் கேட்டால்…



கறவை மாட்டுக்கும் காதுகுத்துக்கும் காலேஜ் பீஸுக்கும் உள்கடன் கொடுத்துப் பழகியவை நம் குழுக்கள். இப்போது, "பிள்ளை சிசிஎன்ஏ படிக்கணுமாம், 40,000 வேணும்" என்று கேட்கிறார்கள். அந்தப் பெயரைத் தீர்மான நோட்டில் எழுதவே ஊக்குநர்கள் தடுமாறுவதை நாங்கள் பார்த்தோம். என்னவென்று தெரியாமல் கடன் கொடுப்பது சரியில்லை. தெரியாது என்பதற்காக மறுப்பதும் சரியில்லை. அதனால் இந்த மாதம் இதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

பேங்கில் வரிசையில் நிற்கும்போது "நெட் இல்லம்மா, நாளைக்கு வாங்க" என்று சொல்லி நம்மைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் அல்லவா? அந்த நெட்டை இழுப்பதும், இணைப்பதும், அறுந்தால் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பதும்தான் நெட்வொர்க்கிங் வேலை. கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயரை உரித்துப் பார்த்தால் உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடியாக இருக்கும். எந்தக் கலருக்குப் பக்கத்தில் எந்தக் கலர் என்று ஒரு வரிசை உண்டு. மாறினால் வேலை செய்யாது. 100 மீட்டருக்கு மேல் ஒரே ஒயராக இழுக்கவும் கூடாது. ஒரே கட்டடத்துக் கம்ப்யூட்டர்களைச் சேர்த்து வைக்கும் பெட்டி சுவிட்ச். இங்கிருந்து வெளியூர் நெட்வொர்க்குக்கு வழிகாட்டி அனுப்பும் பெட்டி ரவுட்டர்.

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு விலாசம் உண்டு. உதாரணத்துக்கு 192.168.1.10 என்று இருக்கும். வழக்கமான சின்ன ஆபீஸில் முதல் மூன்று எண்களும் சேர்ந்து தெருப்பெயர், கடைசி எண் கதவு நம்பர். கடைசி எண் 0 முதல் 255 வரை போகலாம். ஆனால் 0 தெருவின் பெயருக்கே போய்விடும். 255 தெரு முழுக்கத் தண்டோரா போடுவதற்கு. மீதி 254 வீடு. இந்தத் தெருவை நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் எத்தனை வீடு? 64 என்று சொல்லத் தோன்றும். ஒவ்வொரு துண்டுக்கும் பெயருக்கு ஒன்று, தண்டோராவுக்கு ஒன்று கழிக்க வேண்டும், அதனால் 62. சப்நெட்டிங் என்று பிள்ளைகள் பயப்படுகிற கணக்கு இதுதான். வட்டிக் கணக்கு போடுகிற நமக்கு இது பெரிய விஷயமில்லை என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது!

இப்போது சான்றிதழுக்கு வருவோம். கவனமாகப் படியுங்கள்.

சிசிஎன்ஏ என்பது அமெரிக்காவின் சிஸ்கோ கம்பெனி கொடுக்கும் சான்றிதழ். கோச்சிங் சென்டர் அதைக் கொடுக்க முடியாது. 200-301 என்ற எண்ணுள்ள பரீட்சையை 120 நிமிடத்தில் எழுதித் தேற வேண்டும். கேள்விகள் ஆங்கிலத்தில் வரும், தமிழில் கிடையாது. பரீட்சைக் கட்டணம் மட்டும் 300 டாலர், வரியோடு சேர்த்தால் ரூ.30,000-ஐத் தாண்டும். தேறாவிட்டால் ஐந்து நாள் கழித்துத் திரும்ப எழுதலாம், ஆனால் முழுக் கட்டணத்தையும் மறுபடி கட்டணும். தேறினாலும் சான்றிதழ் மூன்று வருடத்துக்குத்தான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். இந்தப் பரீட்சை எழுத டிகிரி கட்டாயமில்லை, எந்த சென்டரிலும் சேர வேண்டிய கட்டாயமும் இல்லை.

எங்கள் பகுதியில் ஒரு அக்கா மகளுக்காக ரூ.35,000 உள்கடன் வாங்கினார். நான்கு மாதம் வகுப்பு நடந்தது. தங்க நிறத்தில் ஒரு சான்றிதழும் வந்தது, வீட்டில் பிரேம் போட்டு மாட்டினார்கள். வேலைக்குப் போன இடத்தில் அதைப் பார்த்துவிட்டு, "இது சென்டர் கொடுத்தது, சிஸ்கோ சான்றிதழ் எங்கே?" என்று கேட்டிருக்கிறார்கள். பரீட்சைக் கட்டணம் தனி என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் அன்றைக்குக் கேட்கத் தெரியாமல் கையெழுத்துப் போட வைத்தவர்கள்தான். அந்தப் பெண் நன்றாகப் படிக்கிற பிள்ளை. அக்கா இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார்.

அதனால் அடுத்து ஒருவர் மகனுக்காக 40,000 கேட்டபோது, நாங்களும் அவரோடு சென்டருக்கே போனோம். பரீட்சைக் கட்டணம் இதில் சேர்ந்ததா, நிஜ ரவுட்டரும் சுவிட்சும் பிள்ளைகள் கையில் தருவீர்களா, இங்கே படித்து உண்மையான பரீட்சையில் தேறியவர்கள் யார் என்று கேட்டோம். முதல் கேள்விக்கே "அது அப்புறம் பாத்துக்கலாம் மேடம்" என்றார்கள். இன்னொன்றும் காதில் விழுந்தது. வரப்போகிற கேள்விகளையே தருகிறோம், மனப்பாடம் செய்தால் போதுமாம். அது திருட்டுச் சரக்கு. பிடிபட்டால் சான்றிதழே ரத்தாகும்.

குழு கூடிப் பேசியது. சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியின் ஆரம்ப வகுப்புகள் இணையத்தில் இலவசம். பெட்டி வாங்காமலே கம்ப்யூட்டரில் நெட்வொர்க் கட்டிப் பழகும் பாக்கெட் டிரேசர் மென்பொருளும் இலவசம். ஒரு லேப்டாப் இருந்தால் போதும். வேலைக்கான பயிற்சி வேண்டுமென்றால், கிராமத்து ஏழை இளைஞர்களுக்கு மத்திய அரசு 2014-ல் தொடங்கிய டிடியு-ஜிகேஒய் திட்டத்தில் இலவசப் பயிற்சிகள் உண்டு. இப்போது என்னென்ன பாடம் நடக்கிறது என்று வட்டார இயக்க அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். காலேஜில் படிக்கிற பிள்ளைகள் நான் முதல்வன் திட்டத்தில் என்ன பாடம் இருக்கிறது என்று அங்கேயே விசாரிக்கலாம்.

கடைசியில் எடுத்த தீர்மானம் இது: மூன்று மாதம் பையன் இலவச வகுப்பில் படிக்கட்டும். மாதாமாதம் கூட்டத்துக்கு வந்து, படித்ததை உறுப்பினர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லட்டும். பிறகு பரீட்சைக் கட்டணத்துக்கு மட்டும் கடன், அதுவும் பணம் கட்டிய ரசீது குழுவுக்கு வரணும். அம்மாவுக்கு முதலில் வருத்தம்தான். "என் பையன் மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டார். போன கூட்டத்தில் பையன் வந்து கரும்பலகையில் தெருவும் கதவு நம்பரும் வரைந்து காட்டினான். எட்டாகப் பிரித்தால் எத்தனை வீடு என்று வயதான உறுப்பினர் ஒருவர் கேட்டார். அவன் சொல்வதற்குள் அம்மாவே "முப்பது" என்றார்.