சங்கரன்கோவிலில் ஷூ கடை வைக்கப்போகும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

திருவேங்கடம் சாலைப் பக்கம் கடை பார்த்திருக்கிறாய் என்று அக்கா போனில் சொன்னாள். விளையாட்டு ஷூ மட்டும்தான், செருப்பே கிடையாது என்றாயாம். அவளுக்கு அதில்தான் கவலை. எனக்கு இல்லை. ஆனால் யாரை நம்பிக் கடை வைக்கிறாய் என்பதில் தெளிவாக இரு. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு எத்தனை ஜனம் வந்தாலும் அவர்கள் ஸ்பைக் வாங்க வரமாட்டார்கள்.

விடியற்காலை ஐந்து மணிக்கு ரோட்டோரம் ஓடுகிற பிள்ளைகளைப் பார். முக்கால்வாசிப் பேர் மெடலுக்காக ஓடவில்லை, வேலைக்காக ஓடுகிறார்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியில். அக்னிவீர் தேர்வில் 1600 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் முழு மதிப்பெண். விசைத்தறிக் கூலியில் மிச்சம் பிடித்து அப்பா கொடுத்த பணம் அந்தப் பையன் சட்டைப்பையில் இருக்கும். அவன் கேட்பதை எடுத்து நீட்டுவதற்கு முன், எங்கே ஓடுகிறாய் என்று கேள்.

அந்தக் கேள்விக்கு நம் ஊரில் பதில் ஒன்றல்ல. கரிசல் காட்டுப் பாதையில் ஓடுகிறவனுக்கு அடிப்பாகம் முழுக்க ரப்பர் ஒட்டிய ஷூதான் தாங்கும். எடை குறையட்டும் என்று பஞ்சு போன்ற நுரையை அப்படியே தரையில் படவிடுகிற மாடல்கள் நிறைய வருகின்றன. சீமைக்கருவேல முள் அவற்றில் ஊசி மாதிரி இறங்கும். மழை பெய்துவிட்டால் கரிசல் மண் அப்பிக்கொண்டு ஷூ இரண்டு மடங்கு கனக்கும், அதனால் அடியில் பள்ளங்கள் நெருக்கமாக இல்லாமல் அகலமாக இருக்கட்டும். தார் ரோட்டிலேயே ஓடுகிறவனுக்குக் குதிகால் மெத்தை வேண்டும். கபடிப் பையனுக்கு இது எதுவும் வேண்டாம்: மேட் விரிப்பில் ஆடுகிறவன் என்றால் தட்டையான கம் சோல், மண்ணில் ஆடுகிறவன் என்றால் பெரும்பாலும் வெறுங்கால். அவனிடம் வலிய ஒரு ஜோடியைத் தள்ளிவிடாதே. ஸ்பைக் வாங்குகிறவர்களுக்கு ஒரு விதி தெரிந்திருக்க வேண்டும். சிந்தெடிக் தடத்தில் ஆணி 9 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. உயரம் தாண்டுதலுக்கும் ஈட்டிக்கும் மட்டும் 12. ஆணி கழற்றும் சாவியை ஜோடியோடு சேர்த்தே கொடு. உடற்தகுதித் தேர்வுக்குப் போகிறவனிடம், அழைப்புக் கடிதத்தில் ஸ்பைக் அனுமதி உண்டா என்று பார்த்துவிட்டு வரச் சொல்.

இனி அளவு. “எட்டாம் நம்பர் குடுங்கண்ணே” என்பான். எட்டை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடாதே. நிற்கவைத்து இரண்டு காலையும் அள. முடிந்தால் சாயங்காலம் வரச் சொல், பகலெல்லாம் நடந்த கால் அப்போது சற்றே வீங்கியிருக்கும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். அந்த நீளமான விரல் சிலருக்கு இரண்டாம் விரல். நம் ஆட்களுக்கு முன்பாதம் அகலம். நானாகச் சொல்லவில்லை, சென்னை அடையாறில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்து, ‘பா’ என்ற பெயரில் இந்தியாவுக்கென்று தனி அளவுமுறையையே பரிந்துரைத்திருக்கிறது. அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் உண்டு: பெண்பிள்ளைகளின் பாத வளர்ச்சி 11 வயது வாக்கில் உச்சத்துக்கு வந்துவிடுகிறது, பையன்களுக்கு 15, 16 ஆகிறது. அதனால் ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு விலை உயர்ந்த ஷூ கேட்கிற அப்பாவிடம், ஒரு வருஷம் பொறுக்கச் சொல்.

ஸ்வப்னா பர்மன் கதை உனக்குத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு காலிலும் ஆறு விரல். பொருந்தாத ஷூவோடு வலியைத் தாங்கிக்கொண்டே 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஹெப்டத்லான் தங்கம் வாங்கினாள். அதற்குப் பிறகுதான் அடிடாஸ் அவள் காலுக்கென்று ஷூ செய்து கொடுத்தது. உன்னால் ஷூ செய்ய முடியாது. ஆனால் “கடிக்குதுண்ணே” என்று திரும்பி வருகிறவனிடம் “போடப்போடச் சரியாயிடும்” என்று சொல்லாமல் இருக்க முடியும். ஓடும் ஷூ முதல் நாளே சரியாக இருக்க வேண்டும்.

ஃபர்ஸ்ட் காப்பி கேட்டு வருவார்கள். வைக்காதே. மேலே சின்னம் அச்சு அசலாக இருக்கும், உள்ளே மெத்தை இருக்காது. முழங்கால் வலி வரும்போது பழி உன் கடைக்கு. ஓரளவு நல்ல ஷூவே 500 முதல் 800 கிலோமீட்டர்தான் உழைக்கும். தினம் எட்டு கிலோமீட்டர், வாரம் ஆறு நாள் ஓடுகிறவனுக்கு அது இரண்டரை முதல் நான்கு மாதம். இதை விற்கும்போதே சொல்லிவிடு. வெயிலில் காயவைக்க வேண்டாம், பசை விட்டுவிடும் என்பதையும் சொல். உன் சரக்கையும் தகரக் கூரைக்கு அடியில் அடுக்காதே.

1964-இல் அமெரிக்காவில் ஃபில் நைட் என்பவர் ஓட்டப்பந்தயம் நடக்கிற மைதானங்களுக்குப் போய், கார் டிக்கியைத் திறந்து ஜப்பான் ஷூ விற்றார். அவருடைய முதல் முழுநேர ஆள் ஜெஃப் ஜான்சன், 1966-இல் சாண்டா மோனிகாவில் கடை போட்டார். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை: கால் அளவு, பிடித்த மாடல், எந்தத் தூரம் ஓடுகிறார். பந்தயம் முடிந்ததும் கடிதம் போட்டு விசாரிப்பார். அந்த வியாபாரம்தான் பின்னால் நைக்கி ஆனது. இன்று அவர்களுக்கு நம் செய்யாற்றிலேயே ஷூ தைக்கிறார்கள். அந்த அட்டைகளுக்குப் பதில் உனக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். கடையில் போட்டுப் பார்த்துவிட்டு ஆன்லைனில் வாங்கப் போகிறவனின் அளவையும் எழுதி வை. கோபப்படாதே, அளவு தவறி வந்தால் அவன் உன்னிடம்தான் வருவான்.

குடியரசு தின, பாரதியார் தினப் போட்டிகளுக்கு முன்னால் பள்ளிகளிலிருந்து மொத்த ஆர்டர் வரும். தள்ளுபடியைப் பள்ளிக்கூடத்தின் பெயரில் பில்லிலேயே காட்டு; தனியாக யார் கையிலும் கொடுக்காதே. 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேலே போனால் 18. உன் அலமாரியில் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்குக் கீழேயே இருக்கட்டும்.

முதல் சரக்கு எடுக்கப் போகும்போது சொல், நானும் வருகிறேன். பெண்களுக்கு 4, 5 நம்பரில் ஓடும் ஷூ தனியாக எடுக்க வேண்டும். பையன்களின் சின்ன அளவைத் தலையில் கட்டிச் சமாளிக்கலாம் என்று மொத்த வியாபாரி சொல்வார், கேட்காதே.

அன்புடன்,
மாமா